யாரோடு ஒப்பிட்டு நார்மல்?

காவலர் தேர்வுக்குப் போகிற பையனின் மார்பை டேப் வைத்து அளக்கிறார்கள். சாதாரணமாக நிற்கும்போது 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூச்சை இழுத்து விரித்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் கூட வேண்டும். மார்பு பெரிதாக இருந்தால் மூச்சுக்குப் பலம் உண்டு என்பது கணக்கு. இந்தக் கணக்கு சரியில்லை என்று 1846இலேயே லண்டனில் ஒரு மருத்துவர் எழுதிவிட்டார். அவர் பெயர் ஜான் ஹட்சின்சன். மார்பின் சுற்றளவை வைத்து ஒருவர் எவ்வளவு காற்றை ஊதுவார் என்று சொல்ல முடியாது என்பது அவர் அளந்து கண்ட முடிவு. டேப் இன்னும் இருக்கிறது. அதற்கு மாற்றாக அவர் செய்த கருவியும் இருக்கிறது. அந்தக் கருவியின் பேரப்பிள்ளை ஒன்றை வைத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் நுரையீரல் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியன் வேலை. சீட்டில் பி.எஃப்.டி. என்று எழுதி வரும். வருகிறவர்களுக்கு அது 'ஊதுற டெஸ்ட்'. காலையில் வந்ததும் 3 லிட்டர் சிரிஞ்சைக் கருவியில் மாட்டி இழுத்துத் தள்ளி, அது 3 லிட்டரை 3 லிட்டராகக் காட்டுகிறதா என்று பார்ப்பேன். பிறகு நாள் முழுக்க ஒரே பாட்டு. மூக்கில் கிளிப், வாயில் மவுத்பீஸ். "நல்லா இழுங்க, இழுங்க, முழுசா இழுங்க... ம், வேகமா ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" குறைந்தது மூன்று ஊதல் ஒழுங்காக வர வேண்டும். அவற்றில் பெரிய இரண்டுக்கும் நடுவே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. எட்டுத் தடவைக்கு மேல் யாரையும் வாட்டுவதில்லை.

முடிவுத் தாளில் முக்கியமாக மூன்று கட்டங்கள். இவர் ஊதியது எவ்வளவு, இவர் வயதுக்கும் உயரத்துக்கும் எவ்வளவு ஊதியிருக்க வேண்டும், இரண்டுக்கும் விகிதம் என்ன. மூன்றாவது கட்டத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நார்மல் என்பது நெடுநாள் வழக்கம்.

2020இல் எங்கள் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். ஊதும்போது கிருமி அறை முழுக்கப் பரவும் என்ற பயம். உலகம் முழுவதும் அப்படித்தான் பூட்டினார்கள். திரும்பத் திறந்தபோது வருகிறவர்களின் வயது மாறியிருந்தது. முன்பெல்லாம் பீடி குடித்து நெஞ்சு போனவர்கள், ஆஸ்துமாப் பிள்ளைகள், ஆபரேஷனுக்கு முன் 'ஃபிட்னஸ்' கேட்டு வரும் பெரியவர்கள். இப்போது இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். உணவு டெலிவரி செய்கிற பையன், நர்சிங் படிக்கிற பெண், கபடி ஆடுகிறவன். கொரோனா வந்து வீட்டிலேயே படுத்து எழுந்தவர்கள்தான் பெரும்பாலும். "அக்கா, ரெண்டு மாடி ஏறுனா நாய் மாதிரி இளைக்குதுக்கா." ஊதச் சொன்னால் 96 சதவீதம், 102 சதவீதம் என்று வரும். நார்மல். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு பெண் கேட்டாள்: "அப்ப எல்லாம் என் மனசுதானாக்கா?"

மனசில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தாள் வேறு சொல்லியது. அந்த இரண்டாவது கட்டத்தில் இருக்கும் எண்ணை யார், எங்கிருந்து, யாரை அளந்து கொண்டுவந்து வைத்தார்கள் என்று தேடத் தொடங்கியது அப்போதுதான்.

ஹட்சின்சனின் கருவி எளிமையானது. தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்த ஓர் உலோக உருளை; குழாயில் ஊதினால் உருளை மேலே எழும்; எவ்வளவு எழுந்தது என்று அளவுகோலில் பார்த்துக்கொள்ளலாம். அவர் 1846இல் வெளியிட்ட கட்டுரையில் 2,130 பேரின் அளவுகள் இருந்தன. மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், லண்டன் போலீஸ்காரர்கள், தேம்ஸ் நதிப் போலீஸ், அச்சுக் கோப்பவர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், ஏழைகள், கனவான்கள், ராட்சத உயரக்காரர்கள், குள்ளர்கள் என்று கையில் கிடைத்தவர்களையெல்லாம் ஊத வைத்தார். உயரம் ஓர் அங்குலம் கூடினால் ஊதும் காற்று 8 கன அங்குலம் கூடுகிறது என்று கண்டுபிடித்தார். இன்றும் என் கருவி முதலில் உயரத்தைத்தான் கேட்கிறது.

அவர் தேடியது காசநோய். அந்தக் காலத்து லண்டனில் இளவயதுக்காரர்களைக் கொன்றது அதுதான். ஸ்டெதாஸ்கோப்புக்குக் கேட்கும் முன்பே நோயைப் பிடித்துவிட முடியும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அவர் காட்டிய சாட்சிகளில் ஒருவர் ஃப்ரீமேன், 'அமெரிக்க ராட்சதன்' என்று பெயர் வாங்கிய ஏறத்தாழ ஏழடிக் குத்துச்சண்டை வீரர். 1842இல் ஃப்ரீமேனை ஊத வைத்தபோது 434 கன அங்குலம் வந்தது. இன்றைய கணக்கில் 7 லிட்டருக்கு மேல். இரண்டு ஆண்டு கழித்து அதே மனிதரை அதே கருவியில் ஊத வைத்தார். அளவு வெகுவாக இறங்கியிருந்தது. நெஞ்சில் காது வைத்துக் கேட்ட மருத்துவர்களுக்கு எந்தக் கோளாறும் தெரியவில்லை. 1845இல் ஃப்ரீமேன் காசநோயில் இறந்தார்.

இதில் நான் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு. இறங்கிய பிறகும் ஃப்ரீமேன் ஊதிய காற்று ஒரு சாதாரண ஆளால் ஊத முடியாத அளவு. ஊர்க்காரர்களோடு ஒப்பிட்டிருந்தால் அவர் நார்மலுக்கும் மேலே. பழைய ஃப்ரீமேனோடு ஒப்பிட்டதால்தான் நோய் தெரிந்தது. கருவியைச் செய்தவரே அந்த வழியைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். கருவி மட்டும் வேறு வழியில் போனது.

போனதற்குக் காரணம் அதை வாங்க வந்தவர்கள். ஹட்சின்சன் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தோடு வேலை பார்த்தவர். காப்பீட்டுக்காரருக்கு ஓர் ஆளைப் பத்து வருடம் பின்தொடரப் பொறுமை இல்லை. வந்து நிற்கிறவனை இன்றைக்கே ஏற்பதா தள்ளுவதா என்று தெரிய வேண்டும். பட்டாளத்துக்கும் அதே தேவை. ஆகவே ஒருவனை அவனோடு ஒப்பிடும் வழி பின்னுக்குப் போய், அவனை ஒரு பட்டியலோடு ஒப்பிடும் வழி முன்னுக்கு வந்தது. ஹட்சின்சன் 1852இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, கடைசியில் ஃபிஜித் தீவில் 1861இல் இறந்தார். பட்டியல் தங்கிவிட்டது.

பட்டியல் கடல் தாண்டிப் போனபோது அதில் அசிங்கமும் ஏறியது. அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற பண்ணை மருத்துவர் அடிமைகளை ஊத வைத்து, வெள்ளையரைவிட அவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று எழுதினார். அடிமைத்தனம் அவர்கள் உடலுக்கு நல்லது என்று வாதாடவும் அதைப் பயன்படுத்தினார். உள்நாட்டுப் போர் முடிந்ததும் பெஞ்சமின் கூல்ட் என்ற வானியலாளர் போர் வீரர்களை அளந்து 1869இல் பெரிய நூலாகப் போட்டார். அதிலும் கறுப்பின வீரர்களுக்குக் குறைவு. அவர்கள் என்ன தின்றார்கள், எங்கே தூங்கினார்கள், சின்ன வயதில் என்ன நோய் வந்தது என்று கேட்காமலேயே வித்தியாசம் இனத்தின் கணக்கில் எழுதப்பட்டது. அது கடைசியில் கருவிக்குள்ளேயே ஒரு பொத்தானாக உட்கார்ந்துகொண்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கருவியில் பெயர், வயது, உயரம் தட்டியதும் 'இனம்' கேட்கும். இந்தியர் என்று தட்டினால் ஐரோப்பியருக்கு உரிய எண்ணில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு "இவ்வளவு ஊதினால் போதும்" என்று சொல்லும். நாங்களும் தட்டினோம்.

நம் ஊர் எண் நம் ஊரிலேயே தேடப்பட்டதும் உண்டு. சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி. கே. விஜயனும் உடனிருந்தவர்களும் 15 முதல் 40 வயது வரை, புகைக்காத, ஆரோக்கியமான சென்னைவாசிகள் 247 பேரை அளந்து 1990இல் வெளியிட்டார்கள். 130 ஆண்கள், 117 பெண்கள். நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகள் மலையாகக் கிடக்கும் ஒரு துறையில், நோயில்லாத இளைஞர்களை உட்கார வைத்து ஊதச் சொன்ன அந்த வேலையின் அருமை எனக்குக் கொரோனாவுக்குப் பிறகுதான் விளங்கியது. 2012இல் உலக அளவில் 26 நாடுகளிலிருந்து 74,000 பேருக்கு மேற்பட்டவர்களின் அளவுகளைச் சேர்த்துப் புதிய பட்டியல் போட்டார்கள். அதில் இந்தியருக்கென்று தனி வரிசை அமையவில்லை. 'மற்றவர்கள்' என்ற வரிசைக்குப் போனோம். 2023இல் அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் இனப் பொத்தானே வேண்டாம், எல்லோருக்கும் ஒரே பட்டியல் போதும் என்று பரிந்துரைத்தது. ஆக ஒரே பையன், ஒரே ஊதல். எந்த ஆண்டின் பட்டியல் கருவிக்குள் இருக்கிறதோ அதைப் பொறுத்து சதவீதம் மாறும்.

பட்டியல் எதுவாக இருந்தாலும் 80 முதல் 120 வரை நார்மல் என்று அகலமாகவே வைத்திருக்கிறார்கள். மனிதர்கள் பலவிதம் என்பதால் அப்படி வைத்தாக வேண்டும். ஆனால் 115இல் இருந்த ஓர் ஓட்டக்காரன் 92க்கு இறங்கினால் அவன் தன் மூச்சில் ஐந்தில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டான். என் தாள் அவனை நார்மல் என்றே அனுப்பும்.

ஊதும் அளவைத் தாண்டியும் நாங்கள் பார்க்கிறோம். பாரிஸில் ராபர்ட் டிஃபனோ 1947இல், மொத்தம் எவ்வளவு ஊதினார் என்பதோடு முதல் ஒரு வினாடியில் எவ்வளவு ஊதினார் என்றும் கேட்டார். மூச்சுக்குழாய் அடைப்பு அதில்தான் பிடிபடும். அதற்கும் முன்பே, 1915இல், கோபன்ஹேகனில் மேரி க்ரோ என்ற மருத்துவர் இன்னொரு வழி கண்டிருந்தார். மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை ஒரே இழுப்பில் இழுத்து, கொஞ்ச நேரம் அடக்கி, வெளியே விட வேண்டும். எவ்வளவு வாயு திரும்பி வரவில்லையோ அவ்வளவு ரத்தத்துக்குள் போயிருக்கிறது. காற்று உள்ளே போவது வேறு, போன காற்று ரத்தத்தில் சேர்வது வேறு என்று பிரித்துக் காட்டும் சோதனை அது. டி.எல்.சி.ஓ. என்போம். பத்து வினாடி அடக்கச் சொன்னால் இருமி விடுகிறவர்களே அதிகம்.

கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சோதனைதான் அதிகம் பேசியது. வேலூர் சி.எம்.சி.யில் முதல் அலைக் காலத்தில் நோய் கண்ட 207 பேரைப் பரிசோதித்ததில் ஏறத்தாழ 44 சதவீதம் பேருக்கு டி.எல்.சி.ஓ. குறைந்திருந்தது. ஐரோப்பாவிலும் சீனாவிலும் பார்த்ததைவிட நம்மவர்களுக்குப் பாதிப்பு அதிகம் என்றது அந்த ஆய்வு. நோய் முற்றியவர்களும், சர்க்கரை போன்ற பிற நோய் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். என்னிடம் வந்த இருபது வயதுக்காரர்களில் பலருக்கு அதுவும் நார்மலாகவே வந்தது.

அடுத்தது நடக்க வைப்பது. 30 மீட்டர் நடைபாதையில் ஆறு நிமிடம் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்ப்போம். இதற்கும் ஒரு வம்சக்கதை இருக்கிறது. 1968இல் கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப்படைக்காரர்களை 12 நிமிடம் ஓடவிட்டு, ஓடிய தூரத்திலிருந்தே உடலால் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று கணிக்கலாம் என்றார். 1976இல் பிரிட்டனில் நாள்பட்ட மூச்சுக்குழாய் நோயாளிகளுக்காக ஓட்டத்தை நடையாக்கினார்கள். பன்னிரண்டு நிமிடம் அவர்களுக்கு அதிகம் என்று 1982இல் ஆறு நிமிடமாக்கினார்கள். இளைஞர்களுக்காகப் பிறந்த சோதனை கிழவர்களுக்கு ஏற்றபடி சுருங்கி எங்களிடம் வந்தது. ஆறு நிமிடம் நடக்கச் சொன்னால் கபடி ஆடும் பையன் போனில் பேசிக்கொண்டே நடந்து முடித்துவிடுவான்.

இத்தனை கருவிக்கும் சிக்காதது ஒரு பட்டாளத்தின் ஓட்டப்பந்தயக் கணக்கில் சிக்கியது. சுவிட்சர்லாந்தில் ஆண்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி உண்டு. இத்தாலிப் பக்கம் ஆல்ப்ஸ் மலையில் ஆயிரோலோ என்ற ஊரின் முகாமில் 2020 மார்ச்சில் கொரோனா பரவியது. அங்கிருந்தவர்களின் வயது இருபத்தொன்றை ஒட்டி. பயிற்சிக்குச் சேரும்போதே அவர்களை ஓடவிட்டு, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, உடல் பயன்படுத்தும் உச்சபட்ச ஆக்சிஜன் அளவைக் கணித்து எழுதி வைப்பது அந்தப் பட்டாளத்தின் வழக்கம். நோய் தீர்ந்த பிறகு 199 பேரின் கணக்கை எடுத்துப் பழைய கணக்கோடு ஒத்துப் பார்த்தார்கள். நோய் கண்டு குணமானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த அளவு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. தொற்றே இல்லாதவர்களிடமும், தொற்றியும் அறிகுறி காட்டாதவர்களிடமும் குறிப்பிடத்தக்க இறக்கம் காணவில்லை. 2022இல் அதே பட்டாளத்தில் 500 பேர் அளவில் விரிவாகப் பார்த்தபோது, நாள் போனபின் நுரையீரலிலும் இதயத்திலும் பெரிய சேதம் தங்கவில்லை என்ற ஆறுதல் கிடைத்தது. உடல் எடையும் கொழுப்பும் கூடி, தாங்குதிறன் குறைந்திருப்பதற்கான அடையாளங்களும் கூடவே கிடைத்தன.

சுவிஸ்காரர்களிடம் விசேஷக் கருவி எதுவும் இல்லை. நோய் வருமுன் எழுதி வைத்த ஒரு எண் இருந்தது, அவ்வளவுதான்.

அப்படி எண் வைத்திருந்த ஒருவனை எனக்கும் தெரியும். மணப்பாறைப் பக்கத்துப் பையன், காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். இரண்டாம் அலையில் நோய் வந்து வீட்டிலேயே இருந்தான். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் 95க்குக் கீழே போகவேயில்லை. என்னிடம் வந்து ஊதினான், நார்மல். நடந்தான்; நார்மல். "மேடம், இதைப் பாருங்க" என்று பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தான். கிரவுண்டுக்குப் போகும் ஒவ்வொரு காலையும் 1500 மீட்டருக்கு எடுத்த நேரம் பால் பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது. நோய்க்கு முன் 5 நிமிடம் 20 வினாடி, 5:25, 5:18. நோய்க்குப் பின் 6:30, 6:25. தேர்வில் 7 நிமிடத்துக்குள் வந்தால் போதும். ஆக என் கருவிப்படியும் தேர்ச்சி, மைதானத்துப்படியும் தேர்ச்சி. அவனுக்குத்தான் தெரியும், ஒரு நிமிடம் காணாமல் போயிருக்கிறது என்று. ஓடிய மறுநாள் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை என்றும் சொன்னான். தொலைந்தது நுரையீரலில் மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதையும் அவன்தான் என்னை முதலில் யோசிக்க வைத்தான்.

அந்த யோசனைக்கு ஆய்வுகள் இருக்கின்றன. ஆக்ஸ்போர்டில் செனான் வாயுவை உள்ளிழுக்க வைத்து ஸ்கேன் எடுத்தபோது, சாதாரண சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாதவர்களிடமும் காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு போவதில் குறை தெரிந்தது. பாஸ்டனில் டேவிட் சிஸ்ட்ரம் குழுவினர், நெஞ்சில் கோளாறில்லாமல் மூச்சு இளைத்தவர்களை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோகிறது, தசை அதை வாங்கிக்கொள்வதில் குறை என்று கண்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் நீண்டநாள் கொரோனாக்காரர்களின் தொடைத் தசையைச் சிறிது வெட்டிப் பார்த்து, கடும் பயிற்சிக்கு மறுநாள் தசை மேலும் நலிந்திருந்ததை 2024இல் எழுதினார்கள். இப்போது எங்கள் கூடத்துக்கு வருகிற பிள்ளைகளிடம், "ஓடுன அன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்பதோடு நிறுத்துவதில்லை, "மறுநாள் எப்படி இருந்துச்சு?" என்றும் கேட்டு மருத்துவருக்கு எழுதி அனுப்புகிறேன். மறுநாள் படுத்துவிடுகிறவரைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடு என்று சொல்வது தவறாகப் போய்விடும். வெறுமனே படுத்துக் கிடந்து பயிற்சி விட்டுப்போனவருக்கு மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போவதுதான் மருந்து. இரண்டு பேரும் என் தாளில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

"எல்லாம் என் மனசுதானாக்கா?" என்று கேட்ட பெண்ணுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. இந்தத் தாள் உன்னை யாரோ ஆயிரம் பேரோடு ஒப்பிட்டது. உன்னோடு ஒப்பிடவில்லை, ஒப்பிட உன் பழைய கணக்கு யாரிடமும் இல்லை. அதனால் வருகிற இளையவர்களிடம் பழைய கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று துருவுகிறேன். பள்ளி விளையாட்டு விழாவின் நேரம், என்.சி.சி. ஓட்டம், போனில் பதிவான நடை, பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்க முன்பு எத்தனை நிமிடம் ஆனது என்பதுகூட உதவுகிறது. இன்று ஊதிய தாளையும் நார்மல் என்று கசக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அடுத்த தடவைக்கு அதுதான் அவர்களுடைய பட்டியல்.

கல்லூரி மருத்துவ முகாம்களில் உயரம், எடை, கண் பார்வை, ரத்த வகை பார்க்கிறார்கள். ரத்த வகையை அடையாள அட்டையிலேயே அச்சடித்துக் கழுத்தில் மாட்டிக் கொடுக்கிறார்கள். அது வாழ்நாள் முழுக்க மாறாத ஒன்று. மாறக்கூடிய மூச்சை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஊதிப் பார்க்க ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். ஓடிப் பார்க்க ஒரு மைதானமும் ஒரு கைக்கடிகாரமும் போதும். சேரும் ஆண்டிலேயே, நன்றாக இருக்கும்போதே, அந்த இரண்டு எண்களையும் அளந்து அந்தப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். அடுத்த நோய் எப்போது வந்தாலும், தொலைந்தது எவ்வளவு என்று சொல்ல அவர்களிடம் ஒரு சாட்சி இருக்கும்.